கரண்ட் மோட்டர் பூட்டினா போட்டில சத்தமே இராதோ?

யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவானிலயிருந்து நயினாதீவுக்குப் போற போட்டில எஞ்சினுக்குக் கிட்ட இருந்து போன ஆக்களுக்குத் தெரியும், பக்கத்தில இருக்கிறவரோட கதைக்கிறதெண்டாலும் கத்தித்தான் கதைக்கவேணும். ஒரு தம்பி கேட்டிருந்தவர், "அண்ணை, எஞ்சினைக் கழட்டிப்போட்டு பற்றறி மோட்டர் பூட்டினா சத்தமே இராதோ?" எண்டு. நல்லாக் குறையும், ஆனா முழுக்க இல்லாமப் போகாது, மிஞ்சிற சத்தம் எங்கயிருந்து வருது எண்டதுதான் உண்மையிலயே வடிவான விஷயம்.

எஞ்சின் சத்தம் எண்டா அடிப்படையில வெடிச்சத்தம் தான். ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்ட் (போட்டின்ர பின்பக்கம் வெளியில பூட்டிற எஞ்சின்) நிமிசத்துக்கு 5000 தரம் சுத்தினா செக்கனுக்கு 160க்கு மேல வெடி. கரண்ட் மோட்டரில வெடியே இல்லை, காந்தமும் செப்புக்கம்பியும் தான். மோட்டரின்ர வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கன்ட்ரோலர் கரண்டை செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தரம் வெட்டி வெட்டி விடுறதால ஒரு கீச்சுச் சத்தம் வரும், கியர் இருந்தா அதின்ர இரைச்சலும் சேரும், அவ்வளவுதான். கன மீனுக்கு 1000 ஹேர்ட்ஸுக்கு (செக்கனுக்கு 1000 அதிர்வு) மேல பெரிசாக் கேக்கிறேல்லை, அதால அந்தக் கீச்சு எங்கட காதுக்குத்தான் கரைச்சல்.

மிச்சம் புரொப்பெல்லர். அது முந்தியும் சத்தம் போட்டதுதான், எஞ்சின் அமத்தி வச்சிருந்தது. சத்தத்தை அளக்கிற டெசிபல் கணக்கில எஞ்சின் 80, புரொப்பெல்லர் 70 எண்டு வச்சா, ரெண்டும் சேர்ந்தா 150 இல்லை, 80.4 தான் வரும், 80ஐ எடுத்துவிட்டாத்தான் 70 எங்களுக்குத் தெரியவரும்.

புரொப்பெல்லர் ஏன் இரையுது எண்டு விளங்கிறதுக்குத் தண்ணி கொதிக்கிறதிலயிருந்து தொடங்கவேணும். தண்ணி 100 பாகையில கொதிக்கும் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சது சாதாரண வளியமுக்கத்துக்கு மட்டும். அமுக்கம் 24ல ஒரு பங்கு அளவுக்கு இறங்கினா 30 பாகைத் தண்ணியும் கொதிக்கும். புரொப்பெல்லர் இலை வேகமாச் சுத்தேக்க அதின்ர ஒரு பக்கம் தண்ணியைத் தள்ளுது, மற்றப் பக்கத்தில அமுக்கம் சரியா விழுந்துபோகுது, அந்த இடத்தில கடல்தண்ணி நெருப்பில்லாமக் கொதிச்சுக் குமிழி குமிழியா வருது. குமிழிக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் நீராவி தான், கொஞ்சம் பின்னுக்குப் போய் அமுக்கம் கூடின உடனே ஆவி திரும்பத் தண்ணியாகிடும், உள்ளுக்க தாங்கிப்பிடிக்க ஒண்டும் இல்லாததால சுத்தியிருக்கிற தண்ணி எல்லாப் பக்கத்தாலயும் நடுவுக்கு ஓடிவந்து அடிபடும். அந்த அடிதான் சத்தம். கேத்தில் கொதிக்க முதல் "ஸ்ஸ்" எண்டு இரையிறதும் இதேதான், அடியில வந்த ஆவிக்குமிழி மேல குளிர்ந்த தண்ணியில நொருங்கிற சத்தம், நல்லாக் கொதிச்ச உடனே இரைச்சல் குறைஞ்சிடும். அந்த அடி எவ்வளவு பலமானது எண்டு 1917ல ரேலி பிரபு எண்ட இங்கிலாந்து இயற்பியலாளர் கணக்குப் போட்டே காட்டினவர். பழைய புரொப்பெல்லர் ஒண்டைக் கையில எடுத்து இலை நுனிக்குக் கிட்டத் தடவிப் பாருங்கோ, சின்னச் சின்னக் குழி கையில தட்டுப்பட்டா கனதரம் குமிழி அரிச்சதாத்தான் இருக்கும், உலோகத்தையே அரிக்கிற அடி அது.

சரி, இதைக் குறைக்கிறது என்னண்டு? இலை நுனியின்ர வேகத்தைக் குறைக்கவேணும். 10 அங்குல புரொப்பெல்லர் நிமிசத்துக்கு 2500 தரம் சுத்தினா நுனி மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில ஓடும், 12 அங்குலத்தை 1200 சுற்றில விட்டா 70க்கும் குறைவு. அவுட்போர்ட் எஞ்சினுக்கு நல்ல சுற்றில ஓடினாத்தான் பலம் வரும், கரண்ட் மோட்டருக்கு நிண்ட இடத்திலயிருந்தே முழு முறுக்குவிசையும் கிடைக்கும், அதால பெரிய புரொப்பெல்லரை ஆறுதலாச் சுத்தவைக்கலாம், கியரும் தேவைப்படாது, பற்றறியும் கூட நேரம் நிக்கும். என்ர பார்வையில கரண்ட் மோட்டரின்ர உண்மையான லாபம் இதுதான்.

ஆனா எங்கட களப்புக்குள்ள கன இடத்தில ஆழம் காணாது. பெரிய புரொப்பெல்லர் அடியில தட்டும், சாதாளை சுத்தும், கல்லில பட்டு இலை நுனி நெளிஞ்சா அந்த இடத்திலயே குமிழி கெதியாத் தொடங்கிடும், மேல தூக்கிப் பூட்டினா காத்தை இழுத்து இன்னும் கூட இரையும். ஆழக்கடலுக்குச் செய்த அளவு எங்களுக்குச் சரிவராது. கிளிநொச்சி அறிவியல் நகரில பொறியியல் பீடம் இருக்குது, களப்பு கிட்ட இருக்குது, தண்ணிக்குள்ள விடுற மைக் ஒண்டும் நாலஞ்சு புரொப்பெல்லரும் வாங்கக் காசு குடுத்தா பெடியள் அளந்து சொல்லுவினம், மோட்டரை இறக்குமதி செய்யிற காசில ஒரு துளியை இதுக்கு ஒதுக்கவேணும் எண்டு நான் உறுதியா நம்புறன்.

மோட்டர் வாங்கப் போறவை எத்தனை குதிரைவலு எண்டதோட நிப்பாட்டாதேங்கோ, புரொப்பெல்லர் எத்தினை அங்குலம், முழு வேகத்தில எத்தினை சுற்று எண்டு ரெண்டையும் கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ.