சிஸ்டம் பைதானில் கை வைக்காதீர்கள்

மறுபடியும் அதே புகார்: "உபுண்டு 22.04-ல பைதான் 3.12 போட்டேன். அதுக்கப்புறம் டெர்மினலே திறக்க மாட்டேங்குது." போட்டதில் தப்பில்லை. ஒரு பெயர் எந்த வெர்ஷனைக் குறிக்கும் என்பதை மாற்றும் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையைக் கொடுத்து, பைதான்3 என்ற லிங்க்கை 3.12 பக்கம் திருப்பினீர்களே, அதுதான் தப்பு.

அந்த பைதான்3, சிஸ்டம் தன் வேலைக்கு வைத்திருப்பது; 22.04-இல் அது 3.10. உபுண்டுவின் டெர்மினலான க்னோம் டெர்மினலைத் திறக்கும் கோப்பே ஒரு பைதான் ஸ்கிரிப்ட்தான். புது மென்பொருள் கிடங்குகளைச் சேர்க்கும் ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி கட்டளையும் அப்படியே. இவற்றுக்கு வேண்டிய ஆப்ட்_பிகேஜி போன்ற மாட்யூல்கள் 3.10-க்கென்றே கம்பைல் ஆனவை. கோப்பின் பெயரிலேயே 'சிபைதான்-310' என்றிருக்கும். 3.12-ஆல் அவற்றை லோட் செய்ய முடியாது. அந்தக் கோப்பைப் பெயர் மாற்றி காப்பி செய்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

"3.10 பழசாச்சே, பாதுகாப்பு இருக்குமா?" என்ற பயம்தான் இத்தனைக்கும் வேர். 22.04 போன்ற எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பில் வெர்ஷன் எண்ணை வைத்துப் பாதுகாப்பை அளக்கவே கூடாது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய வெர்ஷனிலேயே சேர்த்துவிடுகிறார்கள். 22.04-இல் என்க்ரிப்ஷன் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல் இன்றும் 3.0.2தான்; திருத்தம் வர வர, அதன் வாலில் உள்ள எண்தான் ஏறும். பேக்கேஜ்களை நிர்வகிக்கும் ஆப்ட் கருவியில் 'ஆப்ட் சேஞ்ச்லாக் ஓபன்எஸ்எஸ்எல்' கொடுத்துப் பாருங்கள், அடைத்த ஓட்டைகள் சிவிஇ எண்களோடு (ஓட்டைகளுக்கான பொது அடையாள எண்கள்) வரிசையாக இருக்கும். ஆப்ட் அப்டேட் பட்டியலைத்தான் புதுப்பிக்கும். அதோடு ஆப்ட் அப்கிரேடும் தவறாமல் கொடுத்து வந்தால் போதும்.

ஏற்கெனவே திருப்பிவிட்டீர்களா? ஃபார்மேட் செய்யக் கிளம்பாதீர்கள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் எழுத்துத் திரையில் லாகின் செய்யுங்கள். முதலில் 'சுடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --ரிமூவ்-ஆல் பைதான்3'. அது லிங்க்கையும் சேர்த்து எடுத்துவிடலாம்; ஆகவே அடுத்து 'சுடோ எல்என் -எஸ்எஃப் பைதான்3.10 /யூஎஸ்ஆர்/பின்/பைதான்3'. டெர்மினல் திரும்பிவிடும்.

புது பைதான் வேண்டுமென்றால் டெட்ஸ்னேக்ஸ் என்ற பிபிஏவிலிருந்து (உபுண்டுவுக்கு வெளியே உள்ள பேக்கேஜ் கிடங்கு) பைதான்3.12, பைதான்3.12-வென்வ் இரண்டையும் போடுங்கள். வென்வ் என்பது ஒரு ப்ராஜெக்டுக்கென்றே உள்ள தனி பைதான் சூழல். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் 'பைதான்3.12 -எம் வென்வ் .வென்வ்', பிறகு 'சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்'. அதற்குள் பைதான் என்றாலே 3.12தான். சோர்ஸிலிருந்து கட்டுவோர் மேக் இன்ஸ்டால் வேண்டாம், மேக் ஆல்ட்இன்ஸ்டால் கொடுங்கள்.

உபுண்டு 24.04-இல், பைதான் பேக்கேஜ்களைப் போடும் பிப் கட்டளை மறுத்தால் --பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் சேர்ப்பவர்களே, சிஸ்டத்தை உடைக்கும் என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கேயும் வென்வ்தான் வழி.

ஆப்ட் ரிமூவ் பைதான்3 மட்டும் வேண்டவே வேண்டாம். நீக்கப்போகும் பட்டியலை ஆப்ட் காட்டும்போது நிதானமாகப் படியுங்கள். உபுண்டு-டெஸ்க்டாப் என்ற பெயர் அதில் இருந்தால், 'என்' (n) எழுத்தை அழுத்தி வெளியே வந்துவிடுங்கள்.