குறட்டைக்குப் பரிசோதனை, மூச்சுக் கருவி: எந்த அட்டை எதற்குச் செல்லும்?

“முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஸ்லீப் ஸ்டடியும் மெஷினும் இலவசமாகக் கிடைத்துவிடும்தானே?” உறக்க மூச்சுத்தடை என்று மருத்துவர் சொன்னதும் பலரும் கேட்கும் கேள்வி இது. ஸ்லீப் ஸ்டடி என்பது உறங்கும்போது மூச்சைக் கவனிக்கும் பரிசோதனை. பரிசோதனை, கருவி, அறுவை சிகிச்சை ஆகிய மூன்றுக்கும் வழி வேறுவேறு. கருவியில்தான் பெரும்பாலானோர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

உறங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைப்பதால் வரும் நோய் இது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அது ஒரு தடை. மூச்சு முழுதாக நிற்காமல் வெகுவாகக் குறைவதையும் சேர்த்து, மணிக்குச் சராசரியாக 5 முதல் 14 என்றால் லேசானது, 15 முதல் 29 என்றால் நடுத்தரம், 30-ஐத் தொட்டால் கடுமையானது. பலத்த குறட்டை, நடுவில் மூச்சு முட்டி எழுவது, பகலில் கண் செருகுவது, மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம் ஆகியவை அடையாளங்கள். பெண்களிடம் காலைத் தலைவலியாகவும் ஓயாத களைப்பாகவும் மட்டுமே தெரியலாம். நாளெல்லாம் குனிந்து பீடி சுற்றும் பெண் களைப்பு என்றால் “ரத்தம் இல்லை” என்று சத்து மாத்திரையோடு முடித்துவிடுகிறோம்.

முதல் படிக்கு எந்த அட்டையும் வேண்டாம். பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று நம் ஊரார் சொல்லும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளி சீட்டு எடுத்து, நெஞ்சக நோய்ப் பிரிவிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ காட்டலாம். உங்கள் உறக்கத்தைப் பார்த்தவரை, அதாவது மனைவியையோ மகனையோ, உடன் அழைத்துச் செல்லுங்கள். மூச்சு நிற்பதை நோயாளியால் சொல்ல முடியாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்கும்போதும் குறட்டையைச் சொல்லிவையுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிய வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்தாருக்குக் கொக்கிரகுளம். 2019-இல் மாவட்டம் பிரிந்ததால் சங்கரன்கோவில், கடையநல்லூர்க்காரர்கள் தென்காசிக்குப் போக வேண்டும்.

ஆனால் இந்தத் திட்டம் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கும் சில பரிசோதனைகளுக்கும் மருத்துவமனைக்குப் பணம் கட்டுவது. மூச்சுப் பாதை அடைபடாமல் காற்றைச் செலுத்த வீட்டில் இரவுதோறும் மாட்டிக்கொள்ளும் சி-பாப் கருவிக்கு இதை நம்பியிருக்க வேண்டாம். பரிசோதனைக்கோ அறுவை சிகிச்சைக்கோ தேதி வாங்கும் முன், மருத்துவமனையிலேயே இருக்கும் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டி அனுமதி உண்டா என்று கேளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.

கருவிக்கு வழி உள்ளவர்கள் வேறு. மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியருக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் உச்சவரம்புக்கு உட்பட்டு சி-பாப்புக்குப் பணம் கிடைக்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள, இ.எஸ்.ஐ. பிடித்தம் நடக்கும் தொழிலாளர்கள், வண்ணார்பேட்டை இ.எஸ்.ஐ. மருத்துவமனை மருத்துவரின் பரிந்துரையோடு தொடங்க வேண்டும். எந்தத் திட்டமானாலும் ஸ்லீப் ஸ்டடி அறிக்கை முதலில், அனுமதி அடுத்து, வாங்குவது கடைசியில். கடைக்காரர் “இன்றைக்கு மட்டும் தள்ளுபடி” என்றதை நம்பி வாங்கிவிட்டு ரசீதோடு அலைபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பணம் தராமல் போனால் தள்ளுபடியால் என்ன லாபம்?

தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் நுணுக்க எழுத்தைப் படிக்க வேண்டும். பரிசோதனைக்காக மட்டுமே படுக்கையில் சேர்ந்தால் அந்தச் செலவு கிடையாது என்பது பாலிசிகளில் பொதுவாக இருக்கும் விலக்கு. ஓர் இரவு தங்கிச் செய்யும் ஸ்லீப் ஸ்டடி அதில் மாட்டிக்கொள்ளும். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதம். அது முடிந்தால் பணம் கேட்க வழி உண்டு; அதனால் பாலிசி எடுக்கும்போது குறட்டை நோயை மறைக்காதீர்கள்.

தனியார் பாலிசிகளில் உடல் பருமன் குறைப்பு அறுவை சிகிச்சை பொதுவாக விலக்கப்பட்டது என்றாலும் அதில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியீடு (பி.எம்.ஐ.) 35-ஐத் தொட்டு, கடுமையான உறக்க மூச்சுத்தடையும் இருந்து, மற்ற முறைகளில் எடை குறையவில்லை என்றால், 18 வயது நிறைந்தவருக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் அறுவை சிகிச்சைக்கு இந்த விலக்கு பொருந்தாது. “எடைக் குறைப்புக்கெல்லாம் தர மாட்டோம்” என்று ஒரே வரியில் நிராகரித்தால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும் ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.