மௌனத்தையும் எழுதிவிடும் எந்திரம்

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்வரும் பெண்களை ஆய்வுக்காகப் பேட்டி எடுத்து, போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். கேட்டுக் கேட்டு எழுதினால் எப்போது முடியுமோ தெரியவில்லை. ஏஐயிடம் கொடுத்தால் தானாக எழுதிவிடும் என்கிறார்கள். நம்பலாமா?"

ஓரளவுக்கு நம்பலாம். அந்த அளவு, பேசுகிறவர் யார் என்பதைப் பொறுத்து மாறுகிறது என்பதுதான் என் கவலை.

குரல் எழுத்தாவதில் முதல் பாதி பள்ளி இயற்பியல்தான். 2022இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். காற்றின் அதிர்வை வினாடிக்கு 16,000 முறை அளந்து எண்களாக்குகிறார்கள். அதை 25 மில்லிவினாடித் துண்டுகளாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். இப்படி 30 வினாடிப் பேச்சு ஒரு படம் போல ஆகிறது. சரி, இதுவரை எந்திரம் வெறும் காதுதான்.

அதற்கு அப்புறம் நடப்பதுதான் அழகு. அந்த ஒலிப்படத்தைப் பார்த்து எழுதுகிற பகுதி, ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறது: அடுத்த எழுத்துத்துண்டு எதுவாக இருக்கும்? பதில் சொல்ல இரண்டு பக்கம் பார்க்கிறது. ஒன்று, காதில் விழுந்த ஒலி. இன்னொன்று, தான் இதுவரை எழுதியது. இந்தச் சொற்களுக்குப் பின்னால் வழக்கமாக என்ன வரும் என்பதைப் பயிற்சியில் கோடிக்கணக்கான முறை பார்த்திருக்கிறது. ஒலி தெளிவாக இருந்தால் ஒலி ஜெயிக்கும். ஒலி மங்கும்போது வழக்கம் ஜெயிக்கும். பழகிய பாட்டு ரேடியோவில் கரகரத்தால், கேட்காத வரியை நாமே பாடி நிரப்பிக்கொள்வதில்லையா, அப்படி.

பேசும் பெண் "கேவுரு அறுப்புக்கு ஊருக்கு வந்துடுவோம்" என்கிறார் என்று வையுங்கள். பின்னால் லாரிச் சத்தம். கேழ்வரகைச் சொல்லும் கேவுரு என்ற சொல்லை எந்திரம் அச்சில் அதிகம் பார்த்திருக்காது. கிட்டத்தட்ட அதே ஒலியில் 'கோவூர்' என்ற ஊர்ப்பெயர் அதற்குப் பழக்கம் என்றால், கோவூர் என்றே எழுதிவிடக்கூடும். வாக்கியத்தில் எழுத்துப்பிழை இருக்காது. படிக்கிறவருக்குச் சந்தேகமே வராது. ஒரு குடும்பம் எந்தப் பருவத்தில் ஊர் திரும்புகிறது என்ற தகவல் மட்டும் அங்கே காணாமல் போயிருக்கும்.

பேச்சே இல்லாத இடம் வந்தால்? "மேஸ்திரி கூலியைப் பிடித்துக்கொண்டாரா?" என்று நீங்கள் கேட்டதும் அந்த அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருக்கலாம். ஆய்வாளருக்கு அந்த மௌனம் ஒரு பதில். எந்திரத்துக்கு அது ஒலி இல்லாத இடம், அவ்வளவுதான். 'இங்கே யாரும் பேசவில்லை' என்று விட்டுவிட அதற்குத் தெரியும், ஆனால் எப்போதும் அப்படிச் செய்வதில்லை. சில சமயம் வழக்கம் மட்டுமே கைப்பிடித்து இழுக்க, யாரும் சொல்லாத முழு வாக்கியத்தை எழுதி வைக்கிறது. 2024இல் வெளியான ஓர் ஆய்வு விஸ்பரைச் சோதித்தபோது, சுமார் நூற்றுக்கு ஒரு ஒலித்துண்டில் இப்படிக் கற்பனை வாக்கியங்கள் இருந்தன. பேச்சுத்திறன் பாதிக்கப்பட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவர்களின் பதிவுகளில் இது அதிகம்.

வழக்கம் யாருடைய வழக்கம் என்பதில்தான் ஏற்றத்தாழ்வு உள்ளே வருகிறது. விஸ்பரின் முதல் பயிற்சிக்கு 6,80,000 மணி நேர ஒலி. அதில் ஏறக்குறைய 4,38,000 மணி நேரம் ஆங்கிலம். மற்ற 96 மொழிகளை அந்தந்த மொழியிலேயே எழுதப் பழக்கியது சுமார் 1,17,000 மணி நேரத்தில். எல்லாம் இணையத்தில் எழுத்தோடு சேர்ந்து கிடைத்த ஒலி. சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணின் பேச்சை யார் எழுத்தோடு இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்? ஆங்கிலத்துக்குள்ளேயே இந்தப் பாகுபாடு உண்டு. 2020இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஐந்து பெரிய நிறுவனங்களின் கருவிகளைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்குச் சராசரியாக 19 பிழை, கறுப்பர் பேச்சில் 35. சோதிக்க எடுத்துக்கொண்டவை ஆய்வுப் பேட்டிகளின் ஒலிப்பதிவுகள்தான்.

பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கல். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் சரளமாகக் கலந்து வரும். விஸ்பரோ எழுதத் தொடங்கும் முன் 'இது இந்த மொழி' என்று ஒன்றைத்தான் முடிவு செய்துகொள்கிறது.

எந்திரம் சாதி, வர்க்கம் பார்க்காது, அதனால் நடுநிலையானது என்று படித்தவர்களே சொல்வதைக் கேட்கிறேன். ஜாதகக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் போட்டால் துல்லியம் என்பது மாதிரியான நம்பிக்கைதான் இது. மாற்று வேலைகள் நடக்காமல் இல்லை. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 22 மொழிகளில் இயல்பான பேச்சைத் திரட்டுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வாணி திட்டம் மாவட்டம் மாவட்டமாகப் போய், படத்தைக் காட்டிப் பேசச் சொல்லிப் பதிவு செய்கிறது. பெரிய கணினிகள் வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கும், பேசுகிறவர்களுக்கு நியாயமான கூலிக்கும் கட்டாயம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

மாணவிக்கு: முதல் வரைவை எந்திரம் எழுதட்டும். விஸ்பரை இணையமில்லாமல் உங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டலாம். கடனையும் கூலியையும் நம்பிச் சொன்னவர்களின் குரல் வெளியே போகாது. பிறகு ஒவ்வொரு பதிவையும் முழுதாக ஒருமுறை நீங்களே கேட்டுத் திருத்துங்கள். மௌனம் வந்த இடங்களை நேரத்தோடு குறியுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போதுதான் நாம் கேட்கத் தவறிய கேள்வி காதில் விழும். அடுத்த பேட்டி அங்கிருந்து தொடங்கும். ஆய்வு முடியும்வரை மூல ஒலியை அழிக்காதீர்கள், எழுத்தில் சந்தேகம் வந்தால் சரிபார்க்க அது ஒன்றுதான் இருக்கிறது.