காரின் கதவு கீழிருந்து துருப்பிடிப்பது ஏன்?

மன்னார்குடி வாசகர் ஒருவரின் கேள்வி இது. வீட்டில் இரண்டு கார்கள், இரண்டுக்கும் எட்டு வயது. கனமான காரின் கதவு சாத்தும்போது 'தம்' என்று கேட்கும். ஆனால் அந்தக் கதவுதான் அடியில் பொரிந்து உதிர்கிறது. 'தகர டப்பா' என்று எல்லோரும் சொன்ன லேசான கார் அப்படியே இருக்கிறது. ஏன்?

கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கும் தகட்டின் உட்புறம் ஒட்டிய தார்ப் பட்டையும் அதிர்வை அடக்குவதால் வருவதுதான் அந்த 'தம்'. பெரும்பாலான கார்களின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தடிமன் கூடினால் ஓட்டை விழுவது தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு என்று பள்ளியில் படித்திருப்போம். அப்படியானால் காற்று நன்றாகப் படும் இடம்தானே முதலில் போக வேண்டும்? ஆனால் சேறு அப்பிய மடிப்புக்குள், ஆக்சிஜன் எட்டாத இடத்தில்தான் தகடு கரைகிறது. இதற்கான விடையை கேம்பிரிட்ஜில் யு. ஆர். எவன்ஸ் என்ற அரிப்பு ஆராய்ச்சியாளர் ஒரு சொட்டு உப்புநீரில் காட்டினார். நல்ல ஆய்வகம் உள்ள எந்தப் பள்ளியிலும் செய்து பார்க்கலாம். உப்புநீரில் சிறிது பொட்டாசியம் ஃபெரிசயனைடும் ஃபினால்ஃப்தலீனும் கலந்து, தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு வைக்க வேண்டும். முதலில் நீலமும் இளஞ்சிவப்பும் ஆங்காங்கே புள்ளிகளாகத் தோன்றும். சொட்டுக்குள் கரைந்திருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் நிறங்கள் பிரியத் தொடங்கும்: நடுவில் நீலம், ஓரத்தில் இளஞ்சிவப்பு.

ஓரத்தில் நீர்ப்படலம் மெல்லியது, காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதாக வந்துகொண்டே இருக்கும். அது எலக்ட்ரான்களை வாங்கி ஹைட்ராக்சைடு அயனியாகிறது, இளஞ்சிவப்பு அதனால்தான். அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே நடுப்பகுதியிலிருந்து வருகின்றன. அவற்றைக் கொடுத்த இரும்பு அயனியாகிக் கரைவதைத்தான் நீலம் காட்டுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையமாகத் துரு படிகிறது. ஆக்சிஜன் செலவாவது ஓரிடம், இரும்பு கரைவது இன்னோரிடம், துரு தெரிவது மூன்றாவது இடம்! ஒரு சொட்டுக்குள் முழு மின்கலம் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். இதைவிட அழகான பள்ளிச் சோதனை எனக்குத் தெரியாது.

இனி சொட்டுக்குப் பதிலாக நம்மூர்க் களிமண்ணை வைத்துப் பாருங்கள். கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் மழைநீர் இறங்குவது எல்லாக் கார்களிலும் உண்டு. அது வெளியேறத்தான் கதவின் அடிவிளிம்பில் ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். அறுவடை நாளில் சாலையில் காயும் நெல்லின் பதரும் சுணையும் வைக்கோல் தூசும் உள்ளே போய் அவற்றை அடைத்துவிடும். அடிவிளிம்பு என்பது தகட்டை மடித்து அழுத்திய இடம். அங்கே தேங்கும் ஈரம்தான் எவன்ஸ் சொட்டின் நடுப்பகுதி.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இன்னொரு தொல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு அதற்கும் முன்பே இழுக்கும். மழையே பெய்யாத இரவிலும் உப்புப் படிந்த கார் நனைந்துதான் நிற்கிறது.

கார்த் தயாரிப்பின் தரம் வெளிப்படுவது இங்கேதான். தகட்டின்மேல் துத்தநாகம் பூசியிருந்தால் இரும்புக்கு முன் அது கரையும், ஏனெனில் அதன் மின்முனை அழுத்தம் −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44. இந்த எண் எவ்வளவு கீழே இருக்கிறதோ, அந்த உலோகம் அவ்வளவு எளிதாக எலக்ட்ரானை விட்டுக் கரையும். சிறு கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் இரும்பைக் காக்கும். 1824இல் ஹம்ஃப்ரி டேவி என்ற ஆங்கிலேய வேதியியலாளர் கப்பல்களின் செப்புத் தகட்டைக் காத்ததும் இதே முறையில்தான். காரில் இந்தப் பூச்சு ஒரு பக்கத்துக்குப் பத்து மைக்ரான் அளவில்தான் இருக்கும். வாசகரின் லேசான காரில் இந்தப் பூச்சு இருக்க வேண்டும், அல்லது ஓட்டைகள் அடைபடாமல் இருக்க வேண்டும். கல் தெறித்த இடத்தைப் பார்த்தால் தெரியும்: முதலில் வெள்ளைப் பொடி பூத்தால் துத்தநாகம் உண்டு, நேராகச் செம்பழுப்புக் கொப்புளம் வந்தால் இல்லை.

எந்தெந்தத் தகட்டில் பூச்சு உண்டு என்பதை விற்பனைத் தாளில் அச்சிடச் செய்ய வேண்டும். மோதல் பாதுகாப்புக்கு 2023இல் பாரத் என்கேப் என்ற தரச்சோதனை வந்ததும் ஜனங்கள் நட்சத்திரம் கேட்டுக் கார் வாங்குகிறார்கள். துருவுக்கு அப்படி ஒன்றுமில்லை. அரிப்பையும் ஆராயக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அதற்குத் தாராளமாகப் பணம் ஒதுக்கி, டெல்டா ஊர்களில் கார்த் தகடுகளைத் தொங்கவிட்டு அளந்து, முடிவுகளைத் தமிழில் வெளியிடச் சொல்ல வேண்டும். வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டும் அக்கறையில் பாதி இதற்கு இருந்தால் போதும்.

செய்ய வேண்டியவை: அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு கதவின் அடியிலும் உள்ள ஓட்டைகளை பிளாஸ்டிக் கேபிள் டையால் குத்தி எடுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பெயின்ட் உரியும். வைப்பருக்குக் கீழே சேரும் வேப்பிலை, புங்கிலையை அள்ளிவிடுங்கள். சக்கர வளைவின் உள்மடிப்பில் விரலை விட்டால் களிமண் தட்டுப்படும். தண்ணீர் பீய்ச்சி முழுக்கக் கழுவுங்கள். பழைய என்ஜின் ஆயிலை அடியில் பூசுவது ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும். துருவின் மேலேயே அண்டர்கோட்டிங் (வண்டியின் அடிப்பகுதிக்கான காப்புப் பூச்சு) அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு இன்னும் வேகமாக அரிக்கும். கொப்புளம் வந்துவிட்டால் பளபளக்கும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, துத்தநாகம் மிகுந்த பிரைமர் அடித்த பிறகுதான் பட்டியும் (பள்ளம் நிரப்பும் பசை) பெயின்ட்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தைக் கதவின் கீழ்ப்பகுதியில் ஓட்டிப் பாருங்கள். அது ஒட்டாமல் நழுவும் இடத்தில் தடிமனாகப் பட்டி பூசியிருக்கிறார்கள்.