பாதி ஆட்டம் ஜெயிக்க வைக்கும் கணக்கு

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும், மேகம் ஜன்னல் வரை வந்து நிற்கும். அந்த நேரத்துக்குத் தோதான ஆட்டம், பலகையில் கறுப்பு வெள்ளைக் காய் வைத்து இடம் வளைக்கும் கோ என்பது என் கட்சி. சிக்கல் என்னவென்றால் கூட ஆட ஆள் கிடைக்காது. குன்னூர் பஜாரில் கோ பலகை கேட்டால் செஸ் போர்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அட்டையில் கோடு கிழித்து, கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்கு மொச்சை என்று சமாளித்துவிடலாம். எதிரில் உட்கார ஒருவர் வேண்டுமே!

ஆகவே இணையம்தான் வழி. 1992இல் தொடங்கிய இன்டர்நெட் கோ சர்வரில் ஆரம்பித்து, கேஜிஎஸ், ஓஜிஎஸ், கொரியாவின் டைஜெம், சீனாவின் ஃபாக்ஸ் என்று தளங்கள் வந்துவிட்டன. பட்டனை அழுத்தினால் சற்று நேரத்தில் ஓர் எதிராளி கிடைப்பார். சியோலில் கல்லூரி மாணவராக இருக்கலாம், பெர்லினில் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம். அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று நமக்குத் தெரியாது, நம்மைப் பற்றி அவருக்கும் தெரியாது. ஆனாலும் ஆட்டம் பெரும்பாலும் கடைசி வரை இழுபறியாகவே போகும். அதற்குக் காரணம் பின்னால் ஓடும் ஒரு கணக்கு.

முதலில் விதிகள். குறுக்கும் நெடுக்கும் 19 கோடுகள், அவை சந்திக்கும் 361 புள்ளிகள். கறுப்பு முதலில் வைக்கும், பிறகு மாறி மாறி. வைத்த காய் நகராது. ஒரு காய்க்கு ஒட்டினாற்போல் நாலு பக்கமும் காலியாக இருக்கும் புள்ளிகள்தான் அதன் மூச்சு. ஒட்டி நிற்கும் ஒரே நிறக் காய்களுக்கு மூச்சு பொது. எல்லா மூச்சையும் எதிராளி அடைத்துவிட்டால் அந்தக் கூட்டமே பலகையை விட்டு வெளியேறும். ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகள் சுற்றி வளைத்துப் புலியை அசையவிடாமல் செய்வதை ஆடிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். உள்ளே இரண்டு தனித்தனி ஓட்டைகள் வைத்திருக்கும் கூட்டத்தை மட்டும் பிடிக்க முடியாது. கடைசியில் யார் வளைத்த இடம் அதிகமோ அவருக்கு வெற்றி. அவ்வளவுதான். விதி இவ்வளவு எளிது, ஆனால் பலகையில் வரக்கூடிய முறையான நிலைகளின் எண்ணிக்கை 171 இலக்க எண். அதைக் கடைசி இலக்கம் வரை 2016இல் கணினி விஞ்ஞானி ஜான் டிராம்ப் கணக்கிட்டு முடித்தார்.

சரி, கெட்டிக்காரரும் கற்றுக்குட்டியும் சமமாக ஆடுவது எப்படி? 1882இல் ஊட்டி கிளப்பில் விதி எழுதப்பட்ட ஸ்னூக்கரில், பலவீனமானவருக்கு ஆரம்பத்திலேயே சில புள்ளிகள் கொடுத்துவிடும் வழக்கம் உண்டு. செஸ்ஸில் பலசாலி தன் குதிரையையோ ராணியையோ எடுத்து வைத்துவிட்டு ஆடலாம். ஆனால் ராணி இல்லாத செஸ் வேறு ஆட்டம். கோ ஆட்டத்தில் இந்தச் சங்கடம் கிடையாது. பலவீனமானவர் கறுப்பை எடுத்துக்கொண்டு முதலிலேயே இரண்டு, மூன்று, தேவைப்பட்டால் ஒன்பது காய்கள் வரை வைத்துவிடுவார். அதன்பின் ஆட்டத்தின் குணம் மாறாது.

ஒரு சலுகைக் காயின் மதிப்பு என்ன என்பதில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது. முதலில் வைப்பது கறுப்புக்கு லாபம் என்பதால், சம பலமுள்ளவர்கள் ஆடும்போது வெள்ளைக்கு கோமி என்று ஈட்டுப் புள்ளி தருகிறார்கள். 20ஆம் நூற்றாண்டில் அது 4.5, 5.5 என்று ஏறிக்கொண்டே வந்தது. ஜப்பானில் 2002 முதல் 6.5, சீனாவில் 7.5. அரைப் புள்ளி எதற்கென்றால் ஆட்டம் டிராவில் முடியாமலிருக்க. சுமார் 7 என்று வைத்துக்கொள்வோம். காலிப் பலகையில் கறுப்பின் முறை என்றால் கறுப்பு 7 புள்ளி முன்னால். வெள்ளையின் முறை என்றால் வெள்ளை 7 முன்னால். ஆக ஒரு முறையை விட்டுக்கொடுத்தால் நிலைமை 14 புள்ளி புரளும். ஒரு முழுக் காயின் மதிப்பு அதுதான்.

கோ ஆட்டத்தின் தரவரிசையே இந்த அளவுகோலில்தான் நிற்கிறது. கற்றுக்குட்டி 30 கியூ. தேறத் தேற எண் குறைந்து 1 கியூ வரும், அதற்கு மேல் 1 டான், 2 டான் என்று ஏறும். ஒரு படி வித்தியாசத்துக்கு ஒரு காய். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு சின்ன ஓரவஞ்சனை தெரியும். ஒரு படி வித்தியாசத்துக்குக் கறுப்பு கோமி இல்லாமல் முதலில் வைக்கும். லாபம் 7 புள்ளி, அதாவது அரைக் காய்தான். இரண்டு படிக்கு இரண்டு காய் வைத்தபின் வெள்ளையின் முறை வருகிறது. லாபம் 21, அதாவது ஒன்றரைக் காய். எத்தனை காய் கொடுத்தாலும் அரைக் காய் பலசாலியின் பையிலேயே தங்கிவிடுகிறது. ஐரோப்பிய கோ கூட்டமைப்பின் ரேட்டிங்கில், அதாவது ஆட்டக்காரரின் பலத்தைச் சொல்லும் எண்ணில், ஒரு படிக்கு 100 புள்ளி. 20 கியூ என்றால் 100, 1 டான் என்றால் 2100. அங்கே சலுகை ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்கும்போது காய் எண்ணிக்கையிலிருந்து அரையைக் கழித்துவிட்டுத்தான் நூறால் பெருக்குகிறார்கள். அந்த அரை இந்த அரைக் காய்தான்.

இனி உங்கள் படி எது என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர் அர்பாத் எலோ, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்தவர். அவருடைய முறையை அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960இலும், உலக செஸ் கூட்டமைப்பு 1970இலும் ஏற்றன. அதில் ரேட்டிங் என்பது பரிசோ பட்டமோ இல்லை, ஒரு முன்கணிப்பு. உங்களுக்கு 1500, எதிராளிக்கு 1700 என்றால் நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு 24 சதவீதம் என்று சூத்திரம் சொல்லும். ஒரு ஆட்டத்தின் பந்தயம் 32 புள்ளி என்று வைத்தால், தோற்றால் 32இல் 24 சதவீதமாகச் சுமார் 8 போகும். ஜெயித்தால் மிச்சம் 76 சதவீதம், அதாவது சுமார் 24 வரும். எதிர்பார்த்தது நடந்தால் எண் கொஞ்சமாக நகரும், எதிர்பாராதது நடந்தால் அதிகமாக நகரும். கணிப்பு சரியாகும் வரை இப்படியே இழுத்து இழுத்துத் திருத்திக்கொண்டு போகும்.

புதிதாக வந்தவர் விஷயத்தில் இது மந்தமானது. அதைச் சரிசெய்தவர் மார்க் கிளிக்மேன் என்ற புள்ளியியலாளர். அவருடைய கிளிக்கோ முறையின் இரண்டாம் வடிவத்தைத்தான் ஓஜிஎஸ் பயன்படுத்துகிறது. இதில் ரேட்டிங்கோடு அது எவ்வளவு நிச்சயமற்றது என்ற இன்னொரு எண்ணும் உண்டு. புதியவருக்கு வழக்கமான தொடக்கம் 1500, நிச்சயமின்மை 350. நீங்கள் 800க்கும் 2200க்கும் நடுவில் எங்கோ இருக்கிறீர்கள் என்று அதற்கு அர்த்தம், கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது என்றே சொல்லலாம். அதனால்தான் பல தளங்களில் புதியவரின் பெயர் பக்கத்தில் கேள்விக்குறி நிற்கிறது. முதல் சில ஆட்டங்களில் எண் தடதடவென்று விழும் அல்லது ஏறும்; ஆட ஆட நிச்சயமின்மை சுருங்கி, நகர்வும் சின்னதாகும். பல மாதம் ஆடாமல் விட்டால் நிச்சயமின்மை மறுபடி வளரும். முதல் வாரத்தில் ரேட்டிங் சரிந்ததைப் பார்த்து மனமுடைந்து கோ ஆட்டத்தையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது பாவம், சர்வர் அவர்களை அளந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். முதல் நூறு ஆட்டத்தைச் சீக்கிரம் தோற்றுவிடு என்று கோ உலகில் ஒரு பழமொழியே இருக்கிறது.

அப்புறம் ஒன்று. கீழ்ப்படிகளில் ஒரு படி வித்தியாசம் என்பது பெரிய வித்தியாசமே இல்லை. 25 கியூக்காரர் ஒரு கவனக்குறைவில் நாற்பது புள்ளி மதிப்புள்ள கூட்டத்தைத் தொலைப்பார். பத்து நகர்வு கழித்து எதிராளியும் அதையே செய்வார். அந்த இரைச்சலில் ஒரு காயின் 14 புள்ளி காணாமல் போய்விடும். டான் ஆட்டக்காரர்களிடம் அதே 14 புள்ளி ஆட்டத்தை முடித்துவிடும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 2016 மார்ச்சில் கொரிய கோ வீரர் லீ செடோலை ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் 4-1 என்று வென்றது நினைவிருக்கும். அதே வழியில் 2019இல் டேவிட் வூ வெளியிட்ட கேட்டாகோ என்ற நிரல் இலவசம். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு நகர்விலும் யார் எத்தனை புள்ளி முன்னால் என்று கோட்டுப்படமாகக் காட்டும். கற்றுக்குட்டிகளின் படம் கல்லட்டி மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போகும். அதில் மிகப் பெரிய இரண்டு மூன்று சரிவுகளை மட்டும் பார்த்தால் போதும் என்பேன். பாக்கியெல்லாம் நமக்கு விளங்காத நுணுக்கம். ஆட்டத்தின் நடுவில் இதைத் திறந்து பார்ப்பது பொதுவாகத் தளங்களில் தடை. அப்படி ஜெயித்தவரின் எண் பொய்யாகி, அடுத்து அவரோடு ஆடுகிறவர்களின் எண்ணையும் கெடுக்கும்.

மலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. காற்றில் மரம் விழுந்து கரண்ட் போய், டவரும் படுத்துவிட்டால், முப்பது வினாடிக் கடிகாரம் தீர்ந்து நேரத்தால் தோல்வி என்று பதிவாகும். ரேட்டிங்குக்கு அதுவும் ஒரு தோல்விதான், மரத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மழைக்காலத்தில் அதனால் நாள் கணக்கில் நடக்கும் ஆட்டத்துக்கு மாறிவிடுவது நல்லது. ஒரு காய் வைக்க இரண்டு மூன்று நாள் அவகாசம் இருக்கும். வைத்தால் கடிகாரத்தில் ஒரு நாள் கூடும் என்ற ஏற்பாடும் உண்டு, வார இறுதியில் கடிகாரத்தை நிறுத்தி வைக்கவும் சில இடங்களில் வழி இருக்கிறது. புதியவர்கள் 81 புள்ளிகளே உள்ள 9×9 பலகையில் இப்படி நாலைந்து ஆட்டத்தை ஒரே சமயத்தில் ஓட்டலாம். கரண்ட் வந்ததும் வரிசையாக ஒவ்வொரு காய் வைத்துவிட்டுப் போய் டீ போட வேண்டியதுதான்.