மாரிக்கு முன் கேட்டு வாங்க வேண்டிய திட்டம்

மாரி மழை கனத்தால் மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் வீதி தண்ணீருக்குள் போய்விடும். பிறகு படகுதான். கிரானுக்கு மேற்கே இருக்கிற சனத்துக்கு இது புதினமே இல்லை. அப்படி ஊருக்கே தெரிந்த விடயத்தில், படகு எங்கே நிற்கும், கர்ப்பிணித் தாயை யார் ஏற்றி வருவது, வைத்தியசாலைக்கு மருந்து எத்தனை நாளைக்கு முன்னரே போய்ச் சேர வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டுமா, இல்லையா?

இருக்க வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம். சுனாமி அடித்து அரை வருடத்துக்குள் வந்த சட்டம் இது. நிவாரணம் கொடுக்கிற சட்டம் என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள். ஜனாதிபதி தலைமையிலான தேசிய பேரவை, அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம், மாவட்டத்தில் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இயங்கும் பிரிவு, 117 என்ற அவசர இலக்கம் ஆகியவை ஓரளவு எல்லோரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாதது 10ஆம் பிரிவு. ஒவ்வொரு அமைச்சும், திணைக்களமும், அரச கூட்டுத்தாபனமும் தனக்கென ஓர் அனர்த்த முகாமைத்துவத் திட்டம் தயாரிப்பது கடமை என்கிறது அது. வீதி, குடிநீர், குளம் எல்லாம் இப்படிப்பட்ட ஏதோ ஒரு நிறுவனத்தின் பொறுப்பில்தான் இருக்கின்றன.

இவற்றைத் தனித்தனியாக யோசிப்பதில்தான் பிழை தொடங்குகிறது. மட்டக்களப்பு நகரத்தின் குழாய்த் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்படுகிறது. இரண்டும் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். குடிப்பவர்களில் பெரும்பங்கினர் வாவிக்குக் கிழக்கே. மின்சாரம் நின்றால் பம்பி ஜெனரேட்டரில் ஓட வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசல் பவுசர் வர வீதி வேண்டும். வீதியில் தண்ணீர் நிற்கிறது. தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் சில மணித்தியாலங்களில் இறங்கிவிட்டால், பவுசர் எங்கே மாட்டிக்கொண்டது என்று கேட்கவும் வழியில்லை. ஒரு நிறுவனத்தின் திட்டம் அடுத்த நிறுவனத்தின் திட்டத்தோடு எங்கே கொளுவியிருக்கிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. ‘தேவையான ஏற்பாடுகள் செய்யப்படும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதைத் திட்டம் என்று நான் சொல்லமாட்டேன். எத்தனை லீற்றர் டீசல், எந்த இடத்தில், திறப்பு யாரிடம் என்று இருக்க வேண்டும்.

பாலமும் வீதியும் அப்படித்தான். 2024 நவம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தில், மாவடிப்பள்ளியில், வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மத்ரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். எவ்வளவு தண்ணீர் ஏறினால் ஒரு வீதியை மூடுவது, மூடும் அதிகாரம் அந்த இடத்தில் யாருக்கு, மாற்றுப் பயணம் என்ன என்ற மூன்றும் மழைக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டியவை. தண்ணீர் வந்தபின் வீதியில் நின்று முடிவெடுக்க முடியாது.

சரி, திட்டம் இருக்கிறதா என்று எப்படி அறிவது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். குறித்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பம் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் திரும்பாதீர்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால், அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பாதுகாப்புக் காரணம் சொல்லி ஒரு பகுதியை மறைத்தாலும், மறைக்கத் தேவையில்லாத மிகுதியைத் தரவேண்டும். மாகாண சபையின் கீழுள்ள வைத்தியசாலை, பாடசாலை, பிரதேச சபை ஆகியவற்றிடமும் இதே வழியில் கேட்கலாம்.

இந்த நாட்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஐப்பசியில் விண்ணப்பம் போடுவது வீண் வேலை. பதில் வருமுன் வாவி நிரம்பி, தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரம் வெட்டுவதா என்ற பேச்சு தொடங்கிவிடும். ஆனி, ஆடியிலேயே போடுங்கள்.

‘உங்கள் அனர்த்தத் திட்டத்தைத் தாருங்கள்’ என்று மொட்டையாகக் கேட்டால் கொழும்பில் அச்சடித்த பொதுப் புத்தகம் ஒன்று கைக்கு வரக்கூடும். ‘10ஆம் பிரிவின்படி தயாரித்த திட்டத்தின் பிரதி, அதில் எங்கள் பிரதேச செயலகப் பிரிவு தொடர்பான பகுதி, கடைசியாகத் திருத்திய திகதி, கடைசியாக ஒத்திகை பார்த்த திகதி’ என்று பிரித்துக் கேளுங்கள்.

பிரதி கிடைத்ததும் உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் காட்டி, கிராம அனர்த்த முகாமைத்துவக் குழுக் கூட்டத்தில் வாசியுங்கள். முதல் வேலையாக, அதிலுள்ள தொலைபேசி இலக்கங்களுக்கு ஒவ்வொன்றாக அழைத்துப் பாருங்கள். இடமாற்றம் பெற்றுப் போன உத்தியோகத்தரின் இலக்கம் இன்னும் அதில் இருந்தால், திருத்தச் சொல்லி அன்றைக்கே எழுத்தில் கொடுத்துவிடலாம்.