சிகர் சுண்டிய காசு

மேற்கு டெக்சாஸில், ஊர் என்று சொல்லவே தயங்கும் ஓரிடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். வயதான முதலாளி கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறார். எதிரே நிற்பவன் முந்திரிப் பருப்பு தின்றுவிட்டு உறையைக் கசக்கிக் கவுன்டர் மேல் வைக்கிறான். கசங்கிய உறை சின்னச் சின்ன சத்தத்தோடு தானாக விரிகிறது. கேமரா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அவன் ஒரு கால் டாலர் காசை எடுத்துச் சுண்டுகிறான். கவுன்டரில் அறைந்து உள்ளங்கையால் மூடுகிறான். பூவா தலையா, சொல்லு என்கிறான்.

2007இல் கோயன் சகோதரர்கள் எடுத்த ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’ படத்தை நேசிப்பவர்கள் கூடிவிட்டால் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. மாட்டைச் சாய்க்கும் காற்றழுத்தத் துப்பாக்கி, பணப்பெட்டிக்குள் ஒளிந்திருந்து சிக்னல் அனுப்பும் கருவி, சத்தத்தை விழுங்கும் குழாய் மாட்டிய ஷாட்கன் என்று ஒவ்வொன்றையும் மணிக்கணக்கில் அலசலாம். எனக்கு எப்போதும் அந்தக் காசுதான். பங்க்கில் காசு சுண்டியவன் படத்தின் கொலைகாரன் ஆன்டன் சிகர். ஒரு மனிதனின் உயிரை ஒரு காசு தீர்மானிப்பதாக அவன் நம்புகிறான், அல்லது நம்புவதாகக் காட்டிக்கொள்கிறான். காசு உண்மையிலேயே தீர்மானிக்கிறதா? இதற்கு இயற்பியலில் நல்ல பதில் இருக்கிறது.

முதலில் காசைப் பார்ப்போம். அதன் வருடம் 1958 என்றும், 22 வருடம் பயணம் செய்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்றும் சிகரே சொல்கிறான். கதை நடப்பது 1980இல் என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். 1964 வரையிலான கால் டாலர் காசுகளில் 90 சதவீதம் வெள்ளி, 10 சதவீதம் செம்பு. எடை 6.25 கிராம். 1965இல் சட்டம் மாறியது. அதற்குப் பிறகு வந்தவை நடுவில் செம்பும் இரண்டு பக்கமும் செம்பு-நிக்கல் கலவையும் வைத்து அழுத்திய காசுகள், 5.67 கிராம். விளிம்பைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். புதிய காசின் விளிம்பில் செம்பு ஒரு கோடாக ஓடும், பழைய காசின் விளிம்பு முழுக்க வெள்ளையாக இருக்கும்.

1980ஐ வெள்ளி வாங்கி விற்றவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். அதே டெக்சாஸின் டாலஸ் நகரத்து ஹன்ட் சகோதரர்கள் உலகச் சந்தையில் வெள்ளியை வாங்கிக் குவித்ததில், அந்த ஜனவரியில் விலை ஒரு ட்ராய் அவுன்ஸுக்கு ஏறக்குறைய 50 டாலரைத் தொட்டது. மார்ச் 27 அன்று ஒரே நாளில் சரிந்தது. 1958ஆம் வருடத்துக் கால் டாலரில் இருக்கும் வெள்ளி 0.18 அவுன்ஸ். கணக்குப் போட்டால், ஜனவரியில் அந்தக் காசின் வெள்ளி மட்டும் சுமார் 9 டாலர் பெறும். விலை விழுந்த பிறகும் அதன் முகமதிப்பான 25 சென்ட்டைப் போலப் பல மடங்கு. இப்படிப்பட்ட காசை யாரும் கடையில் செலவழிக்க மாட்டார்கள், ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள். மட்டமான பணம் நல்ல பணத்தை விரட்டிவிடும் என்று பொருளாதாரத்தில் ஒரு பழைய விதி உண்டு. அதன்படி 1980இல் புழக்கத்தில் ஒரு வெள்ளிக் கால் டாலர் கைக்கு வருவது அபூர்வம். ஜெயித்த காசைச் சட்டைப்பையில் போடாதே, மற்றக் காசுகளோடு கலந்துவிடும் என்று சிகர் கிழவரிடம் சொல்லும்போது, எடையாலும் உலோகத்தாலும்கூட அது மற்றக் காசுகளைப் போன்றது இல்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும்.

எடை கூடினால் சுண்டலின் முடிவு மாறுமா? காற்றில் ஏறிவிட்ட பிறகு மாறாது. காசு எவ்வளவு வேகத்தில் மேலே கிளம்பியது, எவ்வளவு வேகமாகச் சுழன்றது, கிளம்பும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது, எந்த உயரத்தில் பிடிபட்டது என்பவைதான் கணக்கு. 30 சென்டிமீட்டர் உயரம் போக வேண்டும் என்றால் விநாடிக்கு சுமார் 2.4 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும். ஏறி இறங்க அரை விநாடி ஆகும். அந்த அரை விநாடியில் காசு 20 சுற்றுச் சுற்றியது என்று வைத்துக்கொள்வோம். கிளம்பிய பக்கமே மேலே இருக்கும். இருபதரைச் சுற்று என்றால் அடுத்த பக்கம். அதாவது கட்டைவிரல் கொடுத்த சுழற்சி நாற்பதில் ஒரு பங்கு கூடினால் போதும், தலை பூவாகிவிடும். அவ்வளவு துல்லியமாகச் சுண்டும் கட்டைவிரல் சாதாரணமாக யாருக்கும் கிடையாது. ‘தற்செயல்’ என்று நாம் சொல்வது இதைத்தான். நியூட்டனின் விதிகளில் தற்செயல் எதுவும் இல்லை, அது இருப்பது விரலின் நடுக்கத்தில்.

இதை 1986இல் ஜோசப் கெல்லர் என்ற கணிதவியலாளர் அழகாகக் காட்டினார். ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடை அச்சில் காசு மேலே போகும் வேகம், செங்குத்து அச்சில் அது சுழலும் வேகம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுண்டல். தலை விழும் புள்ளிகளுக்குக் கறுப்பு, பூ விழும் புள்ளிகளுக்கு வெள்ளை. வேகம் குறைந்த மூலையில் அகலமான பட்டைகள் தெரியும். வெளியே போகப் போக அவை மெலிந்து நெருங்கி வரிக்குதிரையின் உடம்பு போலாகிவிடும். மெதுவாகச் சுண்டினால் ஒரு அகலமான பட்டைக்குள்ளேயே நிற்கலாம், முடிவு கையில் இருக்கும். பலமாகச் சுண்டினால் கொஞ்சம் கை ஆடினாலும் பத்துப் பட்டைகள் தாண்டிப் போய்விடும். அப்போது பாதிக்குப் பாதி.

பெர்சி டயகோனிஸ் இங்கேதான் வருகிறார். 14 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி டாய் வெர்னான் என்ற பெரிய மந்திரவித்தைக்காரரோடு ஊர் ஊராகப் போனவர், பிற்பாடு ஸ்டான்ஃபோர்டில் கணிதப் பேராசிரியர். ஹார்வர்டின் இயற்பியல் துறையில் அவருக்காக ஒரு இயந்திரம் செய்து கொடுத்தார்கள். ஸ்பிரிங்கை விடுவித்தால் காசைச் சுண்டிவிடும். தலையை மேலே வைத்துச் சுண்டினால் தலை. திரும்பச் சுண்டினாலும் தலை. எத்தனை முறை செய்தாலும் அதே முடிவு. கட்டைவிரலின் நடுக்கத்தை எடுத்துவிட்டால் காசில் தற்செயல் என்று எதுவும் மிச்சமில்லை.

ஆனால் மனிதக் கைக்கு இன்னொரு பழக்கம் உண்டு. கெல்லர் தன் கணக்கில், காசு குறுக்காக ஓடும் ஒரு கோட்டை அச்சாக வைத்து சுத்தமாகப் புரள்கிறது என்று வைத்துக்கொண்டார். நிஜத்தில் கட்டைவிரல் காசின் ஓரத்தில் ஒரு பக்கமாகத் தட்டுகிறது. அதனால் புரள்வதோடு தட்டு போலவும் கொஞ்சம் சுற்றும். இரண்டும் சேர்ந்தால் தள்ளாட்டம். ஓயப்போகும் பம்பரம் தலையைச் சுற்றிச் சுற்றி ஆட்டுமே, அது மாதிரி. ஒரு காசின் ஒரு பக்கத்தில் மார்க்கர் பேனாவால் பெரிய புள்ளி வைத்து, விளக்கு வெளிச்சத்தில் தாழ்வாகச் சுண்டிப் பாருங்கள். புள்ளி சீராக மேலும் கீழும் போகாது, சாய்ந்து ஒரு வட்டம் போட்டுக்கொண்டே வரும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காற்றில் இருக்கும்வரை காசின் சுழற்சிக்கு அச்சு போல ஒரு திசை உண்டு, அது மாறாது. காசின் முகம் அந்தத் திசையைச் சுற்றிக் கூம்பு வடிவில் வலம் வரும். அந்தத் திசை மேல்நோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருந்தால், கிளம்பும்போது மேலே இருந்த பக்கம் காற்றிலும் சற்றே அதிக நேரம் மேலே இருக்கும். சாய்வு இன்னும் கூடி, அந்தத் திசைக்கும் நேர்மேலுக்கும் இடையே 45 பாகைக்கும் குறைவாகிவிட்டால், காசு புரளவே புரளாது. பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் படபடவென்று புரள்வது போலத் தெரியும். மந்திரவித்தைக்காரர்களின் பழைய கைவேலை இது.

டயகோனிஸும் சூசன் ஹோம்ஸும் ரிச்சர்ட் மான்ட்கோமரியும் இந்தக் கணக்கை வெளியிட்டது 2007இல், படம் வந்த அதே வருடம். சாதாரணமாகச் சுண்டிக் கையில் பிடித்தால், கிளம்பிய பக்கமே விழ சுமார் 51 சதவீத வாய்ப்பு என்றார்கள். ஒரு சதவீதத்தை உறுதி செய்ய ஆயிரம் சுண்டல் போதாது, லட்சங்கள் வேண்டும். 2023இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பிரான்டிஷெக் பார்டோஷ் அதற்கும் துணிந்தார். 48 பேர், 46 நாணய வகைகள், 3,50,757 சுண்டல்கள். எல்லாம் மனிதக் கையால் சுண்டிக் கையால் பிடித்தவை. கிளம்பிய பக்கமே விழுந்தது 50.8 சதவீதம். தலைக்கும் பூவுக்கும் இடையே எந்தப் பாரபட்சமும் தெரியவில்லை. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: இந்தச் சாய்வு ஆளுக்கு ஆள் மாறியது. சிலரிடம் நன்றாகவே தெரிந்தது, சிலரிடம் இல்லவே இல்லை. காசை மாற்றினால் மாறாத ஒன்று, கையை மாற்றினால் மாறுகிறது.

சரி, பெட்ரோல் பங்குக்குத் திரும்புவோம். சிகர் சுண்டும் முறையில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் உண்டு. கிரிக்கெட்டில் காசு காற்றில் இருக்கும்போதே எதிரணித் தலைவர் சொல்லிவிடுவார். இங்கே காசு விழுந்து, கைக்கு அடியில் முடிவாகிவிட்ட பிறகுதான் கிழவர் சொல்ல வேண்டும். காசுக்கு இனிமேல் நிகழ்தகவு எதுவும் கிடையாது. ஒரு பக்கம் மேலே இருக்கிறது, அவ்வளவுதான். பாதிக்குப் பாதி என்பது கிழவரின் தெரியாமையை அளக்கும் எண். அவர் தலை என்கிறார். கை விலகுகிறது. தலை. சிகர் பாராட்டிவிட்டுக் காசை விட்டுப் போகிறான்.

முதலில் எனக்கு இது இன்னும் கொடூரமான ஏற்பாடாகத் தோன்றியது. யோசித்தால், ஒரு விதத்தில் இதுதான் நியாயமான வரிசை. சுண்டுகிறவன் தேர்ந்த கையாகவே இருக்கட்டும், எதிராளி என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமல் எந்தப் பக்கத்தை விழவைப்பது? தேர்ந்த கை என்பது கற்பனையும் இல்லை. 2009இல் கனடாவில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பயிற்சி பெற்றுவந்த மருத்துவர்கள் 13 பேரை, தலை விழும்படி முயன்று ஆளுக்கு 300 முறை சுண்டச் சொன்னார்கள். 13 பேருக்கும் தலையே அதிகம் விழுந்தது. ஒருவர் 68 சதவீதம் வரை போனார். சில நிமிடப் பயிற்சிக்கே இது.

ஆனால் அந்த நியாயத்திலும் ஓட்டை இருக்கிறது. பூவா தலையா என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் முதலில் தலை என்றுதான் சொல்கிறார்கள். இஸ்ரேலிய உளவியலாளர் மாயா பார்ஹிலெலும் கூட்டாளிகளும் 2014இல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் தலைதான் முதலில் வரும், முதலில் வருவதை மனம் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. அப்படியானால் பயிற்சி உள்ள ஒருவன் தலையை விழவைத்து ஒருவரைக் காப்பாற்றவும் முடியும், பூவை விழவைத்து முடித்துவிடவும் முடியும். சிகர் அப்படிச் செய்தான் என்பதற்குப் படத்தில் தடயம் இல்லை. கார்மக் மெக்கார்த்தியின் 2005ஆம் வருட மூல நாவலில், பணப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடியவனின் மனைவி கார்லா ஜீனிடமும் சிகர் காசு சுண்டுகிறான். அவள் தலை என்கிறாள், விழுவது பூ.

படத்தில் கார்லா ஜீன் வேறு மாதிரி. அதே கேள்வியை அவளிடமும் கேட்கிறான். அவள் சொல்ல மறுக்கிறாள். காசுக்கு இதில் எந்தப் பேச்சும் இல்லை, எல்லாம் நீதான் என்று அவனிடமே சொல்கிறாள். மூன்றரை லட்சம் சுண்டல்கள் காட்டியதும் கிட்டத்தட்ட இதுதான். அவன் கைக்கு அடியில் என்ன விழுந்திருந்தது என்று கோயன்கள் கடைசிவரை காட்டவில்லை. அடுத்த காட்சியில் சிகர் வாசலுக்கு வந்து நின்று, ஒவ்வொரு காலாகத் தூக்கி பூட்ஸின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொள்கிறான்.